கல்யாணத்தைச் சுருக்கிய மாப்பிள்ளை

சுருக்குவோர் என்று ஓர் இனம் நம் நடுவே வாழ்ந்து வருகிறது. பேச்சைச் சுருக்குகிறவர்கள் போலிருக்கிறது என்று நம்பி அருகில் போய்விடாதீர்கள். நீங்கள் ஏற வேண்டிய ஸ்ரீரங்கம் பஸ் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, நின்று, கூவிக் கூவி ஆள் ஏற்றி, காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போன பிறகும் உங்கள் கையை விட மாட்டார்கள். இவர்கள் சுருக்குவது வீடியோவை. பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடக்கும் கல்யாண டிவிடி, காதுகுத்து டிவிடி, புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய டிவிடி, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பிள்ளை மரமாக வேஷம் கட்டி அசையாமல் நின்ற டிவிடி, எல்லாவற்றையும் தோண்டி எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கசக்கிப் பிழிந்து அளவைக் குறைத்து, விரல் நகம் அளவு பென்டிரைவுக்குள் அடைத்தால்தான் இவர்களுக்குச் சோறு இறங்கும்.

எதற்காக? பத்திரமாக இருப்பதற்காக. யார் பார்ப்பதற்காக? அதை மட்டும் கேட்கக் கூடாது.

இந்த இனத்தின் சிறந்த மாதிரி, பாலக்கரையில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறார். பெயர் சர்ஃபராஸ். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைத் தெளிவாக்கியவர். அப்படிப்பட்டவர், ஊரில் மீதிப் பேரின் வீடியோக்களை மங்கலாக்குவதில் இறங்கியதற்குக் காரணம் அவர் வீட்டு டிவிடி பிளேயர். ஒருநாள் அது கொட்டாவி விட்டதுபோல் வாயைத் திறந்தது. மறுபடி மூடவில்லை. ரிப்பேர் கடைக்காரர், "இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் வர்றதில்ல பாய்" என்று கைவிரித்தார்.

அவர் மனைவி தஸ்லிமா அக்கா, "அப்ப நம்ம கல்யாண டிவிடிய எதுல பாக்கறது?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல மாத்திடுவோம். ஒரே ஞாயித்துக்கிழம வேல" என்றார் சர்ஃபராஸ் பாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பல மாதங்கள் நீடித்தது.

சுருக்குவோரின் சடங்குகளை நீங்கள் பார்த்ததில்லை என்றால் சொல்கிறேன். டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் கை கழுவ வேண்டும். டிஸ்க்கை நடுவிலிருந்து வெளியே துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் போச்சு. கண்ணாடி துடைக்கும் துணி கடையில் நிறைய இருந்ததால் அந்தக் கவலை பாய்க்கு இல்லை. பிறகு 'மாற்று' என்ற பொத்தானை அழுத்திவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, திரையில் ஊர்ந்து போகும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கோடு ஊரும்போது வீட்டில் மிக்ஸி போடக் கூடாது, கரண்ட் இறங்கும். இஸ்திரி போடக் கூடாது, கரண்ட் இறங்கும். கம்ப்யூட்டர் சூடாகிவிடும் என்பதால் வீட்டிலிருந்த ஒரே மேஜை விசிறி அதன் முதுகுப் பக்கம் திருப்பப்பட்டிருக்கும். சித்திரை மாதத்துத் திருச்சி வெயிலில் குடும்பம் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்க, கம்ப்யூட்டர் மட்டும் குளுகுளுவென்று காற்று வாங்கும். மிக்ஸி போட முடியாத ஞாயிறுகளில் அக்கா மாடி ஏறி எங்கள் வீட்டுக்கு வந்து சட்னி அரைத்துக்கொண்டு போவார்.

"முடிஞ்சிடுச்சாங்க?" என்று கீழே போனதும் கேட்பார்.

"முடிஞ்சிடுச்சு. ஆனா சைஸ் ஜாஸ்தியா இருக்கு. இன்னும் கொறைக்கலாம்."

இன்னும் குறைக்கலாம்! இந்த இனத்தின் தாரக மந்திரமே இதுதான். முதலில் இரண்டு ஜி.பி. ஆனது. அடுத்த வாரம் ஒரு ஜி.பி. அதற்கடுத்த வாரம் எழுநூறு எம்.பி. ஒவ்வொரு முறையும் பாய் கடைக்கு வரும் வாடிக்கையாளர்களிடம், அவர்கள் பாவம் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கும்போது, "எங்க கல்யாணம் இப்ப எழுநூறு எம்.பி.தாங்க" என்பார். அவர்களும் ஏதோ நல்ல சேதி என்று நினைத்து, "மாஷா அல்லாஹ்" என்றோ "ரொம்ப சந்தோஷம்" என்றோ அவரவர் வழக்கப்படி சொல்லிவிட்டுப் போவார்கள்.

"படம் எப்படி வந்திருக்கு பாய்?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது."

"பாத்தீங்களா?"

"பாக்கறதுக்கு நேரம் எங்க இருக்கு? இன்னும் சுன்னத்து டிஸ்க், வீடு குடிபோன டிஸ்க்கெல்லாம் மாத்தணுமே."

அதற்குள் புகழ் காவிரியைத் தாண்டிவிட்டது. ஸ்ரீரங்கத்திலிருந்து கண்ணாடிக்கு பிரேம் மாற்ற வந்த ரங்கநாயகி மாமி, தன் பெண்ணின் பரதநாட்டிய அரங்கேற்ற டிவிடியை நம்பிக் கொடுத்தார். பாய் அதைத் தன் வாழ்நாள் சாதனையாக எண்ணி, முப்பது எம்.பி.க்குள் அடக்கிக் கொடுத்தார். அலாரிப்பு முதல் தில்லானா வரை ஒரு மார்க்கம் முழுவதும் முப்பது எம்.பி.! இரண்டு நாள் கழித்து மாமி கடைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"ஆத்துல எல்லாரும் உக்காண்டு டிவில போட்டுப் பாத்தோம் பாய். பச்சையும் மஞ்சளுமா கட்டம் கட்டமா என்னமோ ஆடறதே ஒழிய, கொழந்த மூஞ்சியே காணோமே?"

"சைஸ் பாத்தீங்களா மாமி? முப்பதே எம்.பி.!"

"அதெல்லாம் இருக்கட்டும். கோவத்துக்கும் சிரிப்புக்கும் வித்தியாசமே தெரியலயே. நவரசம்னா ஒம்போது இருக்க வேண்டாமோ? எல்லாம் ஒரே ரசமான்னா இருக்கு!"

பாய் கொஞ்சமும் கலங்கவில்லை. மாமியின் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, துடைத்து, மறுபடி மாட்டிவிட்டு, "இப்பப் பாருங்க, தெளிவா இருக்கும்" என்றார்.

நல்லவேளை, மாமி தன் டிஸ்க்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஏனென்றால் சுருக்குவோரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. மாற்றி முடித்ததும் டிஸ்க்கின் மேல் அவர்களுக்கு ஒரு அலட்சியம் வந்துவிடும். எல்லாம்தான் பென்டிரைவில் பத்திரமாக இருக்கிறதே, இந்தத் தட்டுகள் எதற்கு? பாய் வீட்டுத் தட்டுகள் எல்லாம் மொட்டை மாடிக்குப் போயின. அங்கே தஸ்லிமா அக்கா வடகம் காயப்போட்டிருந்தார். காக்கை விரட்டுவதற்காக, பாய் ஒவ்வொரு டிஸ்க்கின் நடு ஓட்டையிலும் கயிறு கோத்துக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டார். வெயிலில் அவை பளபளவென்று சுழன்றன. காக்கைகள் முதல் நாள் பயந்தன. இரண்டாம் நாள் ஒரு காக்கை கிட்டே வந்து டிஸ்க்கில் தன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, நிதானமாக வடகம் தின்றது.

இப்படியாக ஆடி போய் ஆவணி வந்தது. மணப்பாறையிலிருந்து தஸ்லிமா அக்காவின் அண்ணன் நிஜாமுதீன் குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருவதாகச் சொன்னார். வருவதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர்களுடைய அம்மாவின் பெயர் வஹீதா. தஸ்லிமா அக்காவுக்குக் கல்யாணம் ஆன மறு வருஷமே காலமாகிவிட்டார். போட்டோ எடுக்க யாராவது வந்தால் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளும் ரகம் அந்த அம்மா. வீட்டில் இருக்கும் படங்களிலெல்லாம் முக்காடு மட்டும்தான் தெளிவாக இருக்கும். அவர் நடந்து, பேசி, சிரித்தது பதிவாகியிருப்பது ஒரே இடத்தில். மகளின் கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்களை விரட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்தவர், வீடியோக்காரர் வந்ததைக் கவனிக்கவில்லை.

"அம்மா கொரலே மறந்துபோச்சு தஸ்லி. ஒருதரம் கேக்கணும்" என்று போனில் சொன்னாராம் அண்ணன்.

"வாங்கண்ணே. இவுங்க எல்லாத்தயும் கம்ப்யூட்டர்ல பத்திரமா மாத்தி வச்சிருக்காங்க" என்று பெருமையாகச் சொன்னார் தங்கை.

அந்த ஞாயிறு எங்கள் குடும்பத்துக்கும் அழைப்பு. பிரியாணி முடிந்தது, வெற்றிலை முடிந்தது. எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். பாய் பென்டிரைவைச் சொருகுவதற்கு முன்னால் அதை இரண்டு விரலில் தூக்கிப் பிடித்து, "மொத்தக் கல்யாணமும் இதுக்குள்ளதான் இருக்கு" என்று ஒரு சிற்றுரை ஆற்றினார்.

படம் ஓடியது. கட்டம் கட்டமாக இருந்தாலும் ஆள் யாரென்று யூகிக்க முடிந்தது. ஆனால் சத்தம், படத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ எதையோ குறைத்ததில் இரண்டுக்கும் உறவு அறுந்துவிட்டது போலிருக்கிறது. மேடையில் நிக்காஹ் நடத்தி வைக்கும் ஹஜ்ரத் இன்னும் தொண்டையைக் கனைத்து, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். எதிரே மாலை போட்ட சர்ஃபராஸ் பாய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அப்போது கணீரென்று அவர் குரல் கேட்டது: "ஒப்புக்கொண்டேன்!"

நிஜாமுதீன் தொடையில் தட்டிச் சிரித்தார். "கேக்கறதுக்கு முன்னாடியே ஒத்துக்கிட்டீங்களே மாப்ள! அவ்வளவு அவசரமா?"

பிறகு ஹஜ்ரத்தின் உதடுகள் அசைந்து சம்மதம் கேட்டன. அந்த நேரத்தில் வந்த சத்தம்: "யாருப்பா அது, என் செருப்ப மாட்டிக்கிட்டுப் போனது?" மாப்பிள்ளை பயபக்தியோடு தலையாட்டினார். கூடம் முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. தஸ்லிமா அக்கா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பாய் கூடச் சிரித்தார்.

"சரி, சரி. அடுத்து பந்திதான். அம்மா வரும், பேசாம இருங்க" என்றார் நிஜாமுதீன். எல்லோரும் அமைதியானோம். அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

திரையில் கையேந்தி ஓதிய துஆ முடிந்தது. அடுத்த நொடி, பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கார் கிளம்பியது. படம் முடிந்துவிட்டது.

"பந்தி எங்க மாப்ள?" என்றார் நிஜாமுதீன்.

பாய் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது வந்து... சைஸ் ஜாஸ்தியா இருந்துச்சு. பந்தி சீன் ரொம்ப நீளம் மச்சான். எல்லாரும் மென்னுக்கிட்டே இருக்காங்க. மெல்றதுல என்ன இருக்குன்னு..."

"எடுத்துட்டீங்களா?"

"கொறச்சிட்டேன்."

தஸ்லிமா அக்கா மெதுவாகக் கேட்டார். "டிஸ்க் எங்கங்க?"

பாயின் கண்கள் கூரையைப் பார்த்தன. நாங்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தோம். பிறகு எல்லோரும் மாடிப்படி ஏறினோம்.

கொடியில் டிஸ்க்குகள் ஆடிக்கொண்டிருந்தன. வெயிலிலும் ஆடி மாதக் காற்றிலும் ஒன்றோடொன்று மோதிக் கீறல் விழுந்து, மேலே எழுதியிருந்ததெல்லாம் வெளுத்து, எது கல்யாணம், எது வீடு குடிபோனது என்றே தெரியவில்லை. ஒன்றில் காக்கை தன் கருத்தைப் பதிவு செய்திருந்தது. பாய் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கீழே கொண்டுபோய், நடுவிலிருந்து வெளியே துடைத்து, கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். கம்ப்யூட்டர் ஒவ்வொன்றையும் வாங்கி, கர் கர்ரென்று மென்று பார்த்து, வெளியே துப்பியது.

தஸ்லிமா அக்கா கத்தவில்லை. "எங்கம்மாவ காக்கா வெரட்டத் தொங்கவிட்டுட்டீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதைக் கேட்டதும் பாயின் முகம் போன போக்கை என்னால் கேலி செய்ய முடியவில்லை. ஒரு எம்.பி.க்கும் கீழே சுருங்கிவிட்டது.

மறுநாளிலிருந்து அவர் வேறு மனிதர். கண்ணாடிக் கடைக்கு வந்தவர்கள் எம்.பி. பற்றிய பேச்சே எழாததைக் கண்டு உடம்புக்கு என்னவோ என்று விசாரித்தார்கள். முதலில் அந்த வீடியோவை எடுத்த ஆசாத்தைத் தேடிப் போனார். ஆசாத் இப்போது தில்லைநகரில் செல்போன் உறை விற்கிறார். "அந்த டேப்பு மேலயே வேற கல்யாணம் எடுத்து, அதுக்கு மேல இன்னொரு கல்யாணமும் எடுத்தாச்சு பாய்" என்று சொல்லி, ஆறுதலுக்கு அவர் போனுக்கு ஒரு உறையை மாட்டிவிட்டு அனுப்பினார். மணப்பாறை வீட்டுக்கும் ஒரு பிரதி அந்த நாளிலேயே கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் அதை யாரோ இரவல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், யாரென்று ஞாபகம் இல்லை என்றார் நிஜாமுதீன். அவர் குரலில் பழைய 'மாப்ள' இல்லை.

பாய் சொந்தக்காரர்கள் பட்டியலை மனதிலேயே போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். வருஷக்கணக்காகப் பேசாதவர்கள் வீட்டுக்கெல்லாம் போனார். "எங்க கல்யாண டிஸ்க் இருக்கா?" என்று அவர் கேட்பதைக் கேட்டவர்கள், கல்யாணத்தில் ஏதோ வில்லங்கம், சாட்சி தேடுகிறார் என்று முடிவு கட்டிக்கொண்டு சமாதானம் பேச ஆரம்பித்தார்கள். "எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்பா. தஸ்லிமா நல்ல பொண்ணு" என்று ஒரு பெரியவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

கடைசியில் உறையூரில் கிடைத்தது. வஹீதா அம்மாவின் தங்கை சுராயா அங்கே இருக்கிறார். வாசலில் நின்று பாய் கேள்வியைக் கேட்டதும் அவர் பீரோ இருந்த பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"எங்கிட்டதான் இருக்கு" என்றார். "நிஜாமுகிட்ட ஒருவாரத்துல தரேன்னுதான் வாங்கினேன். அக்கா அதுல இருக்குல்ல. அதான் தரல."

பாய் கையை நீட்டினார். சுராயா தலையாட்டி மறுத்தார். "உங்க கையில தர மாட்டேன் தம்பி. கேள்விப்பட்டேன். பாக்கணும்னா எல்லாரும் இங்க வாங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லோரும் உறையூருக்குப் போனார்கள். மணப்பாறையிலிருந்து அண்ணன் குடும்பம் வந்தது. தஸ்லிமா அக்கா என் வீட்டுக்காரியையும் இழுத்துக்கொண்டு போனார். அவளோடு நானும் டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். சுராயா வீட்டில் பழைய டிவிடி பிளேயர் ஒன்று, குரோஷா விரிப்புக்கு அடியில் ராஜாபோல் உட்கார்ந்திருந்தது. டிஸ்க் உள்ளே போனது. ஒரு கட்டம் இல்லை, ஒரு கீறல் இல்லை. ஹஜ்ரத் கேட்ட பிறகுதான் மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார்.

பந்தி வந்தது. ஆமாம், நீளம்தான். எல்லோரும் மென்றுகொண்டேதான் இருந்தார்கள். ஒருவர் கூட அலுத்துக்கொள்ளவில்லை. மூக்கில் சோறு ஏறித் தும்மியவரைப் பார்த்து, "அய்யோ, நம்ம இக்பால் மாமு" என்று கூவினார்கள். பிறகு ஓரத்திலிருந்து ஒரு அம்மா வேகமாக வந்தார். முக்காடு தோளில் கிடந்தது. முகம் முழுவதும் தெரிந்தது.

"தம்பி, இந்த வரிசைக்கு தால்சா வரல. கால்ல என்ன கல்லக் கட்டியிருக்கா? ஓடு!"

நிஜாமுதீன் டிவிக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். அந்த அம்மா மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தார். தலையைக் குனிந்துகொண்டு, சாப்பிடாமல் சோற்றை அளைந்துகொண்டிருந்த மாப்பிள்ளையின் தட்டில் ஒரு பெரிய துண்டுக் கறியை வைத்தார்.

"வெக்கப்படாம சாப்பிடுங்க தம்பி. எம்மக சமைக்க ஆரம்பிச்சிட்டா அப்புறம் இந்த ருசி கெடைக்காது."

சொல்லிவிட்டு அவரே வாய்விட்டுச் சிரித்தார். அப்போதுதான் கேமராவைப் பார்த்துவிட்டு, "அடப்பாவி, எடுக்கறியா?" என்று முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓடினார்.

கூடத்தில் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் கிளம்பின. "பாத்தியாண்ணே, எல்லார் முன்னாடியும் எம்மானத்த வாங்குறத!" என்று தஸ்லிமா அக்கா அழுதுகொண்டே சண்டை போட்டார். "மறுபடி போடு சின்னம்மா, மறுபடி போடு" என்றார் நிஜாமுதீன். மறுபடி போட்டார்கள். அதற்கப்புறமும் போட்டார்கள்.

சர்ஃபராஸ் பாய் மட்டும் எதிலும் கலந்துகொள்ளவில்லை. அன்றைக்கு வெட்கத்தில் காது அடைத்திருந்தவருக்கு மாமியார் சொன்னது விழவே இல்லையாம். இத்தனை மாதங்கள் அந்தக் கல்யாணத்தை ஏற்றி இறக்கி, கூட்டிக் குறைத்தவர், அதை முதல்முறையாக முழுசாகப் பார்க்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நிஜாமுதீன் அவர் தோளில் கைபோட்டு, "அம்மா சொன்னது சரியாப் போச்சா மாப்ள?" என்று கேட்டார். பாய் மனைவியைப் பார்த்தார். "அதெல்லாம் இல்ல மச்சான், நல்லாத்தான் சமைக்கிறா" என்றார். தஸ்லிமா அக்கா பல நாட்களுக்குப் பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தார்.

இத்தோடு மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? செருப்பு மாட்டும்போது பாய் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"சின்னம்மா, ஒரே ஒரு நாளைக்கு அந்த டிஸ்க்கக் குடுங்க. பந்தியில கை வைக்க மாட்டேன். சத்தியமா. ஒரு எம்.பி. கூடக் கொறைக்க மாட்டேன். கொஞ்சம் பெருசாவே வேணும்னாலும் பண்ணித் தரேன்."

சுராயா டிஸ்க்கை உறையில் போட்டார். உறையைப் பீரோவில் வைத்தார். பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"போயிட்டு வாங்க தம்பி. அடுத்த மாசம் பெருநாளைக்கு எல்லாரும் வாங்க, பாப்போம்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், நாம்தான் டிவிடியே வைத்துக்கொள்வதில்லையே என்று தைரியமாக இருப்பீர்கள். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய், தாலி கட்டும் நேரத்தில் போனைத் தலைக்கு மேல் தூக்கி, பின்வரிசையில் இருந்த பத்துப் பேருக்கு மறைத்து ஒரு வீடியோ எடுத்தீர்களே, அதை அதற்கப்புறம் ஒரு தடவையாவது போட்டுப் பார்த்தீர்களா? போனில் இடம் இல்லை என்று வந்தபோது அதை எங்கே தள்ளினீர்கள்? சரி, அது கிடக்கட்டும். இந்தக் கட்டுரையையாவது படித்தீர்களா, இல்லை 'ரொம்ப நீளமாக இருக்கிறதே, அப்புறம் நிதானமாகப் படிக்கலாம்' என்று எங்கேயோ பத்திரமாகச் சேமித்துவிட்டு, முடிவை மட்டும் எட்டிப் பார்க்க வந்தீர்களா?

அப்படியென்றால் வாங்க பாய், உட்காருங்க. இவ்வளவு நேரம் உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.